கழுத்தில் அடைப்பு: ஐந்து நிமிடத்தில் சரியாகிப்போன விஷயம்

'அடைப்பு' என்ற சொல் நம் வீடுகளில் இதயத்துக்கே எழுதி வைத்த சொல். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே "எத்தனை அடைப்பு? எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிடுவார்கள். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தாலும் அதே இரண்டு கேள்விகள்தான் வருகின்றன. ஆனால் கழுத்தைப் பொறுத்தவரை அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த அடைப்பு இதுவரை ஏதாவது வேலை காட்டியிருக்கிறதா? கை ஐந்து நிமிடம் மரத்துப்போய்ப் பிறகு சரியானது, பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கு குழறித் தெளிந்தது, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கி ஏறியது. இப்படி ஏதாவது. எண்பது சதவீத அடைப்புள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு "இந்த வாரமே அறுவைச் சிகிச்சை" என்றும் மற்றவருக்கு "மாத்திரை சாப்பிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றும் மருத்துவர் சொல்லக்கூடும். இருவரையும் பிரிப்பது அந்த ஐந்து நிமிடம்.

முதலில் குழாயைத் தெரிந்துகொள்வோம். குரல்வளை மேட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலை மெல்ல வைத்தால் துடிப்பு தட்டுப்படும். அதுதான் பொதுக் கழுத்துத் தமனி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்துக் குழாய் இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவிலிருந்து நேராகக் கிளம்புகிறது. வலப்பக்கத்துக் குழாய், வலது கைக்குப் போகும் குழாயோடு ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்து வருகிறது. ஸ்கேன் தாளில் 'கரோட்டிட்' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; இந்தக் குழாய்களை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவான் என்று அந்தக் காலத்திலேயே கண்டிருந்தார்கள். ஆகவே தொட்டுப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும், மெதுவாகத் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒருசேர அழுத்திச் சோதிக்க வேண்டாம்.

மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லி ரத்தம் அதற்குத் தேவை. அதைக் கொண்டு சேர்ப்பவை நான்கு குழாய்கள்: முன்னால் இரண்டு கழுத்துத் தமனிகள், பின்னால் முதுகெலும்போடு ஏறும் இரண்டு முதுகெலும்புத் தமனிகள். பெரும்பங்கு முன்னிரண்டின் வழியாகவே போகிறது.

பொதுக் கழுத்துத் தமனி குரல்வளையின் மேல்விளிம்பு அளவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கழுத்துத் தமனி முகம், நாக்கு, தாடை, தலைத்தோல் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. உட்கழுத்துத் தமனி கழுத்தில் எந்தக் கிளையும் விடாமல் மண்டையோட்டுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் கண்ணுக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு மூளைக்குப் போகிறது. கண்ணுக்குப் போகும் அந்தச் சின்னக் கிளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் துப்புக் கொடுக்கப்போகிறது.

படிவு ஏன் பிரியும் இடத்தில் சேர்கிறது

வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடுவில் தண்ணீர் விரைந்து ஓடும். பிரியும் இடத்தின் வெளிக்கரை ஓரத்தில் அது சுழன்று, தயங்கி, வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். உட்கழுத்துத் தமனி தொடங்கும் இடம் சற்றே புடைத்து, ஒரு சிறு குமிழ் போல இருக்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டி ரத்தம் சோம்பலாகச் சுழல்கிறது. விரைந்து ஓடும் ரத்தம் தேய்த்துச் செல்லும்போது குழாயின் உள்தோல் ஆரோக்கியமாக இருக்கிறது. தேங்கும் இடத்தில் அது நோய்க்கு இடம் கொடுக்கிறது. உடல் முழுக்க ஓடும் அதே கொலஸ்ட்ரால்தான், ஆனாலும் இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில் அடைப்பு வருவதற்கு இதுவே காரணம். சிகரெட், பீடி, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, வயது ஆகியவை வேலையை விரைவுபடுத்துகின்றன. இவற்றில் நம் கையில் உடனடியாக இருப்பது முதலாவது.

படிவு என்பதைக் குழாய்க்குள் ஒட்டிய துரு என்று பலரும் நினைக்கிறார்கள். அது சுவருக்குள்ளேயே வளர்கிறது. உள்ளே கூழ் போன்ற கொழுப்பு, அதை மூடியபடி நார்த்திசுவாலான ஒரு மேல்தோல். சூடான பால்மேல் படியும் ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏடு தடிமனாக இருந்தால் படிவு பல வருடம் சாதுவாகக் கிடக்கும். மெலிந்த ஏடு ஒரு நாள் கிழிந்தால் உள்ளேயிருக்கும் கூழ் ரத்தத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைவில் ஒரு துணுக்கு பெயர்ந்து ரத்த ஓட்டத்தோடு மேலே போகும்.

இதயத்து அடைப்புக்கும் கழுத்து அடைப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே இருக்கிறது. மாரடைப்பில் பெரும்பாலும் படிவு கிழிந்த இடத்திலேயே குழாய் மூடிக்கொள்கிறது. கழுத்துத் தமனி அகலமானது. அது அவ்வளவு எளிதில் மூடாது. துணுக்கு பயணம் செய்து, மூளையின் நுண்ணிய கிளை ஒன்றில் போய் மாட்டிக்கொள்கிறது. வினை நடந்த இடம் ஒன்று, விளைவு தெரியும் இடம் வேறு. கழுத்தில் வலி இருக்காது, கை விழுந்துவிடும்.

குழாய் சுருங்கியதாலேயே ரத்தம் போதாமல் போவதும் உண்டு, ஆனால் அது அரிது. காரணம், நான்கு குழாய்களும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைந்திருக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மற்ற மூன்றும் கைகொடுக்கும். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் இந்த வளையத்தை விளக்கமாக எழுதினார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஒருவரின் உடலை இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது ஒரு பக்கக் கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்ததையும், வாழ்ந்தபோது அவருக்கு வாதம் எதுவும் வராததையும் வில்லிஸ் குறித்திருக்கிறார். அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி பருத்து, விட்ட வேலையைச் செய்துகொண்டிருந்ததாம். வளையம் எல்லாருக்கும் முழுமையாக அமைந்திருப்பதில்லை. சிலருக்கு ஒரு துண்டு மெலிந்திருக்கும், சிலருக்கு இல்லவே இருக்காது. ஒரே அளவு அடைப்பு ஒருவரைப் படுக்கையில் தள்ளி, மற்றவரை ஒன்றும் செய்யாமல் விடுவதில் இதற்கும் பங்குண்டு.

சரியாகிவிட்டதே என்ற ஆபத்து

துணுக்கு சிறியதாக இருந்தால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதுவரை மூளையின் அந்தப் பகுதி செயலற்று நிற்கும், பிறகு விழித்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள். பேச்சு வழக்கில் 'மினி ஸ்ட்ரோக்'. வீட்டில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. வாயு பிடித்துக்கொண்டது, பித்தம் ஏறிவிட்டது, வெயிலில் அலைந்தது, இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு சோடா குடித்ததும் சரியாகிவிட்டது என்பார்கள். சோடா குடிக்காவிட்டாலும் சரியாகியிருக்கும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவசரப் பிரிவுக்கு இப்படி வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று மாதத்துக்குள் பத்தில் ஒருவருக்கு முழுப் பக்கவாதம் வந்தது. அவற்றில் பாதி முதல் இரண்டே நாட்களில். "திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம்" என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

எப்படிக் கண்டுகொள்வது? ஒரு பக்கம் என்பதுதான் முக்கியமான அடையாளம். ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால், ஒரு பக்கமாகக் கோணும் வாய். இடது கழுத்துத் தமனியிலிருந்து துணுக்கு போனால் வலது கையும் காலும் தளரும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்த இடது மூளையில்தான் இருப்பதால் சொல் வராமல் தடுமாறும். ஆனால் கண்ணுக்குப் போகும் கிளை எதிர்ப்பக்கம் தாண்டுவதில்லை. இடது தமனியில் நோய் என்றால் இடது கண்தான் மங்கும். மேலிருந்து திரை இறங்குவது போல, வலியே இல்லாமல், சில நிமிடம் இருட்டி மீண்டும் தெளியும். பலர் கண் டாக்டரிடம் போவார்கள், கண்ணாடி மாற்றுவார்கள். கண்ணுக்குள் பார்க்கத் தெரிந்த நல்ல கண் மருத்துவர், விழித்திரைக் குழாயில் மஞ்சளாக மின்னும் கொழுப்புத் துணுக்கைப் பார்த்துவிட்டுக் கழுத்தை ஸ்கேன் செய்யச் சொல்லி அனுப்புவார்.

கண் ஒரு பக்கம், கை மறுபக்கம் என்ற இந்த மாறாட்டத்தைப் பிடித்துக்கொண்டு புதிரை அவிழ்த்தவர் கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். அதுவரை பக்கவாதத்துக்குக் காரணத்தை மண்டைக்குள்ளேயே தேடினார்கள். மூளையின் குழாய் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வருகிறது என்ற விளக்கமும் செல்வாக்கோடு இருந்தது. பிரேதப் பரிசோதனையிலும் கழுத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் பெரிதாக இல்லை. வாதம் வந்தவர்களிடம் ஃபிஷர் பொறுமையாகக் கதை கேட்டார். வாதத்துக்குச் சில வாரங்களுக்கு முன், எதிர்ப்பக்கத்துக் கண் அவ்வப்போது இருண்டதாகச் சிலர் சொன்னார்கள். கண்ணுக்கும் மூளையின் அந்தப் பாதிக்கும் பொதுவான ஒரே குழாய் கழுத்தில் இருப்பது. 1951-இல் அவர் எழுதிய கட்டுரைதான் பக்கவாத மருத்துவத்தின் பார்வையைக் கழுத்துக்குத் திருப்பியது. என்றாவது ஒரு நாள் அறுவைச் சிகிச்சையால் இந்த அடைப்பைத் தாண்ட வழி பிறக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்த நாள் மூன்றே ஆண்டுகளில் வந்துவிட்டது.

எது இந்த நோயின் அறிகுறி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் தலைசுற்றல், பொதுவான களைப்பு, மறதி, கழுத்து வலி ஆகியவற்றுக்குக் கழுத்துத் தமனிப் படிவு காரணமாக இருப்பது மிகவும் குறைவு. தலைசுற்றலுக்கு ஸ்கேன் எடுத்து, நாற்பது சதவீதப் படிவைக் கண்டு, தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று பயந்துபோனவர்கள் நிறைய. அறுபதைத் தாண்டிய பலருக்கு ஏதோ ஓரளவு படிவு இருக்கும். தலைசுற்றலின் காரணம் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும்.

தாளில் உள்ள சதவீதம்

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்பது எதற்கு? குறுகிய இடத்தில் ரத்தம் இரைந்துகொண்டு போகும். அந்த 'உஸ்' ஓசை கேட்டால் சந்தேகம் வரும். கேட்காவிட்டால் நிம்மதி அடைய முடியாது. முழுதாக அடைபட்ட குழாய் சத்தமே போடாது.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பதினைந்து இருபது நிமிட வேலை. அது ரத்தத்தின் வேகத்தை அளக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் அல்லவா, அதே விதிதான். இதயம் சுருங்கும்போது உட்கழுத்துத் தமனியில் வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரிய சுருக்கம் இல்லை என்று கொள்வார்கள். 230-ஐத் தாண்டினால் எழுபது சதவீதத்துக்கு மேல் என்று கணிப்பார்கள். ஒரு விதிவிலக்கு: குழாய் கிட்டத்தட்ட மூடும் நிலைக்கு வந்துவிட்டால் வேகம் மறுபடி குறைந்துவிடும். அதனால் தேவைப்படும்போது சிடி ஆஞ்சியோகிராம் அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்கிறார்கள்.

இந்தச் சதவீதம் பரப்பளவைச் சொல்வதில்லை, விட்டத்தைச் சொல்கிறது. ஆறு மில்லிமீட்டர் குழாய் மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கினால் ஐம்பது சதவீதம் என்று எழுதுவார்கள். உண்மையில் ரத்தம் போகும் பரப்பில் கால்பங்குதான் மிச்சம். அத்தோடு முடியவில்லை. சுருங்கிய இடத்தை எதோடு ஒப்பிடுவது என்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. வட அமெரிக்க முறை, மேலே உள்ள நல்ல குழாயோடு ஒப்பிடுகிறது. ஐரோப்பிய ஆய்வு ஒன்று பின்பற்றிய முறை, படிவு இல்லாதிருந்தால் அந்த இடம் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று ஊகித்து ஒப்பிடுகிறது. முதல் முறையில் எழுபது என்பது இரண்டாவது முறையில் எண்பதைத் தாண்டிவிடும். இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு எண் வந்தால் ஒன்று பொய் என்று பொருளில்லை. எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பொதுத் தமனியிலேயே நோய் வந்தால்

இதுவரை பேசியது பிரியும் இடத்தையும் அதற்கு மேலேயும். அதற்குக் கீழே, பொதுக் கழுத்துத் தமனியின் தண்டில் அடைப்பு வருவது குறைவு. வரும்போது காரணங்களும் வேறாக இருக்கும். இந்தப் பகுதியைப் பல விளக்கக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை போல் ஒன்றோடொன்று பின்னியிருந்ததைப் பார்த்து அறிவித்தார். அதே போன்ற கண்களை உடைய வேறு பெண்களுக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை என்று அவருடைய சக மருத்துவர்கள் சொன்னார்கள். 'நாடியற்ற நோய்' என்ற பெயர் அப்படி வந்தது. இன்று தகயாசு அழற்சி என்கிறோம். பெருந்தமனியும் அதிலிருந்து கிளம்பும் பெரிய கிளைகளும் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகிப்போகும் நோய் இது. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களைத் தாக்குகிறது. இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது. காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைதல், துணி துவைத்தாலோ தலை வாரினாலோ கை ஓய்ந்துபோவது, ஒரு கையில் ரத்த அழுத்தம் 130, மறு கையில் 90. இப்படிப்பட்ட ஒரு பெண்ணை 'ரத்தசோகை' என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடியும். இரண்டு கையிலும் அழுத்தம் பார்த்தால் பிடித்துவிடவும் முடியும்.

படிவு நோயில் ரத்தப் பற்றாக்குறை அரிது என்று சொன்னேன். தகயாசுவில் அதுவே முன்னுக்கு வருகிறது, ஏனென்றால் பல குழாய்கள் ஒருசேரக் குறுகிவிடுகின்றன. எழுந்து நின்றால் கண் இருட்டும்; மயக்கம் வரும். ஸ்கேனில் பொதுத் தமனியின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து, நறுக்கிய மாக்கரோனியைப் போலத் தெரியும். கொழுப்புப் படிவு ஒரு பக்கமாகக் கோணலாகத்தான் ஒட்டியிருக்கும். சிகிச்சையும் வேறு: ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள். அழற்சி அடங்கும்வரை, உயிருக்கு அவசரம் இல்லாவிட்டால், குழாயில் கை வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் கதிர்வீச்சு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல வருடம் கழித்துத் தமனி நீளவாக்கில் குறுகலாம். புகையிலையால் வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டில் இது ஏட்டளவு விஷயம் இல்லை. புற்றுநோயிலிருந்து மீண்டவர், பத்து வருடம் கழித்துக் கை மரத்தது என்று போகும்போது பழைய கதிர்வீச்சையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, குழாயின் உள்சுவர் கிழிந்து, கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து வழியை அடைப்பது. பெருந்தமனியில் தொடங்கிய கிழிசல் பொதுத் தமனிக்குள் ஏறி வரலாம். உட்கழுத்துத் தமனியில் தானாகவோ அடிபட்டோ வரும் கிழிசல்தான் இளைஞர்களின் பக்கவாதத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தைத் திடீரென்று முறுக்கிய பிறகு தமனி கிழிந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் அந்தச் சொடக்கினால் கழுத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. கழுத்தின் ஒரு பக்கம் புதுவிதமான வலி, அதே பக்கம் இமை சரிந்து கருவிழிப் பாவை சுருங்குவது ஆகியவை கிழிசலின் அடையாளங்கள். பெரும்பாலான கிழிசல்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சில மாதங்களில் ஆறிவிடுகின்றன.

பொதுத் தமனி முழுதாக அடைபட்ட பிறகும் உட்கழுத்துத் தமனி திறந்தே இருக்கக்கூடும். எப்படி? முகத்திலும் கழுத்திலும் வெளிக்கழுத்துத் தமனியின் கிளைகள் எதிர்ப்பக்கத்துக் கிளைகளோடு கைகோத்திருக்கின்றன. அந்த வழியாக மறுபக்கத்து ரத்தம் நுழைந்து, வெளிக்கழுத்துத் தமனியில் தலைகீழாகக் கீழே இறங்கி, பிரியும் இடத்துக்கு வந்து, திரும்பி உட்கழுத்துத் தமனியில் மேலேறி மூளைக்குப் போகிறது. முகத்துக்குப் போகவேண்டிய குழாய் மூளைக்குப் படியளக்கிறது. டாப்ளர் திரையில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதைக் காட்டும்போது ஸ்கேன் செய்பவர்கள் ஒரு நொடி கருவியைச் சந்தேகிப்பார்கள். இப்படித் திறந்திருப்பவர்களுக்குத் தொல்லை தொடர்ந்தால், கைக்குப் போகும் தமனியிலிருந்து ஒரு மாற்றுக் குழாயைக் கழுத்துக்கு இணைத்துவிட முடியும்.

என்ன செய்வார்கள்

அடைப்பு எவ்வளவு ஆனாலும் எல்லாருக்கும் உரியது மருந்து: ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல், கொலஸ்ட்ராலைக் குறைத்துப் படிவின் ஏட்டை உறுதியாக்க ஸ்டாட்டின், கூடவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ளவை. கெட்ட கொலஸ்ட்ராலை 70-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். "கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது" என்று ஸ்டாட்டினை நிறுத்துகிறவர்கள், மாத்திரை வேலை செய்கிறது என்பதற்காகவே மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

அறிகுறி காட்டிய அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை. 1954 மே மாதம் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 66 வயதுப் பெண் ஒருவருக்குச் செய்ததுதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவருக்கு அதற்கு முந்தைய மாதங்களில் 33 முறை கை மரத்து, பேச்சு குழறி, சரியாகிப் போயிருந்தது. உடலைக் குளிர்வித்து, நோயுற்ற துண்டை வெட்டி எடுத்து, முனைகளை இணைத்தார்கள். தொல்லை நின்றுவிட்டது. அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி அதற்கு முந்தைய ஆண்டே வேறு முறையில் செய்திருந்தார். ஆனால் அதை எழுதியது 1975-இல். யார் முதல் என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இப்போது குழாயை வெட்டி எடுப்பதில்லை. கழுத்தில் கீறி, தமனியைக் கிடுக்கியால் மேலும் கீழும் பிடித்து, நீளவாக்கில் திறந்து, படிவை உள்தோலோடு உரித்து எடுத்துவிட்டுத் தைக்கிறார்கள். சில இடங்களில் கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்வார்கள். எதிர்ப்பக்கத்துக் கையில் அழுத்தினால் கீச்சிடும் பொம்மையைக் கொடுத்து அவ்வப்போது அழுத்தச் சொல்வார்கள். கீச்சொலி வந்தால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று தெரியும். எத்தனையோ லட்சம் ரூபாய்க் கருவிகளுக்கு நடுவில் அந்தப் பொம்மைக்கு ஒரு தனி மரியாதை.

பலன் எவ்வளவு? 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி காட்டிய எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்புள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் 26 பேருக்கு இரண்டு வருடத்தில் அதே பக்க மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நூறு பேரில் 9 பேருக்கு. ஐம்பது முதல் அறுபத்தொன்பது வரை பலன் சுமார். ஐம்பதுக்குக் கீழே பலனே இல்லை. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். ஜோசியரைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளட்டும்.

ஸ்டென்ட் இன்னொரு வழி. தொடைவழியாகக் கம்பி செலுத்தி, மேலே ஒரு குட்டிக் குடை போன்ற வடிகட்டியை விரித்துத் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு, கீழே வலைக்குழாயை விரிப்பார்கள். 2010-இல் வெளியான பெரிய ஒப்பீட்டாய்வில் மொத்தத்தில் இரண்டும் சமம் என்று வந்தது. ஆனால் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்டில் பக்கவாதம் சற்று அதிகம், அறுவையில் மாரடைப்பு சற்று அதிகம். கதிர்வீச்சு பட்ட கழுத்துக்கும், ஏற்கெனவே அறுவை நடந்த கழுத்துக்கும் ஸ்டென்டைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அறிகுறியே காட்டாத அடைப்பில்தான் தர்க்கம் நடக்கிறது. 1995-இல் வெளியான ஆய்வில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 11 என்ற பக்கவாதம், அறுவையால் 5 ஆனது. அது ஸ்டாட்டின் பரவலாகாத காலம். இன்றைய மருந்துகளோடு பார்த்தால் இத்தகையவர்களின் பக்கவாத வாய்ப்பு வருடத்துக்கு நூற்றில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது. அறுவையே நூறு பேரில் இருவர், மூவருக்குப் பக்கவாதத்தைக் கொடுக்கும் என்றால், யாருக்குச் செய்வது என்பதை மிகவும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அறிகுறி இல்லாத எல்லாரையும் தேடிப்பிடித்துக் கழுத்து ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு ஆதரவுபெற்ற தடுப்புச் சேவை வல்லுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் கழுத்து டாப்ளரும் சேர்ந்து வரும்போது அதை இலவச இணைப்பு என்று மகிழ்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நூறு சதவீதம் அடைபட்டுவிட்டால்? இங்குதான் குடும்பத்தினர் குழம்புகிறார்கள். எண்பதுக்கு அறுவை, நூறுக்கு ஒன்றும் வேண்டாமா? உட்கழுத்துத் தமனி முழுதாக மூடிய பிறகு உறைந்த ரத்தம் மண்டையோடு வரை கெட்டித்துப் போயிருக்கும். அதைத் திறக்கப் போனால் துணுக்குகள் கிளம்பும். மூடிய குழாய் வழியாகத் துணுக்கு பெரும்பாலும் போகாது. வளையமும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகவே மருந்தோடு விடுகிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

முழுப் பக்கவாதமே வந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு. தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் அது கேடு.

கழுத்துக்கு வைத்தியம் முடிந்து வெளியே வரும்போது மருத்துவர் ஈசிஜி, எக்கோ என்று எழுதிக் கொடுத்தால் வியக்காதீர்கள். கழுத்துத் தமனியில் படிவு உள்ளவர்களின் உயிரைப் பக்கவாதத்தைவிட மாரடைப்பே அதிகம் பறிக்கிறது. ஒரே ரத்தம், ஒரே படிவு, குழாய்கள்தான் வேறு. பழப்பையோடு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும்.